வடிவு அம்மையாரும் நான்காவது பிரதியும்

மேடையில் வீற்றிருக்கும் நம் சங்கத் தலைவர் திரு. வெங்கடேஸ்வரன் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் இந்தப் பள்ளிக்கூட ஹாலை நமக்குத் திறந்துவிட்ட தலைமையாசிரியை அவர்களே, லக்ஷ்மிபாய் நகரிலிருந்தும் சரோஜினி நகரிலிருந்தும் இந்த ஜூலை மாதப் புழுக்கத்தில் நடந்தே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வாசலுக்கு வெளியே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் என் சகோதரிகளே! முதலில் நீங்கள் உள்ளே வாருங்கள். முன்வரிசையில் நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. அவை அமைச்சக அதிகாரிகளுக்காகப் போட்டவை. அவர்கள் வரவில்லை, இனி வரவும் மாட்டார்கள். நீங்கள் உட்காருங்கள். உட்கார்ந்த பிறகு பேசுகிறேன்.

நன்றி. அந்த ஃபேனை இந்தப் பக்கம் திருப்பி வையுங்கள், அவர்களுக்கும் காற்று வரட்டும்.

சற்று முன்பு தலைவர் சொன்னபடி நாம் எல்லோரும் எழுந்து இரண்டு நிமிடம் மௌனமாக நின்றோம். நானும்தான் நின்றேன். நின்றபடியே யோசித்தேன். மறைந்த வடிவு அம்மையார் இந்த மௌனத்தைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ஏழு வருஷமா இதைத்தானே சார் செஞ்சுக்கிட்டிருக்கீங்க" என்று சொல்லியிருப்பார். ஆகவே மௌனத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன். நான் பேச வந்தவன், கொஞ்சம் உரக்கத்தான் பேசுவேன். காது கூசுகிறவர்கள் வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் ரத்தினவேல். முப்பத்தொரு வருஷம் இந்தத் தலைநகரில் மத்திய சர்க்கார் வேலை பார்த்து, செக்ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவன். வடிவு அம்மையார் என் செக்ஷனுக்கு அடுத்த அறையில் ஸ்டெனோகிராபராக இருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். கணவர் போன பிறகும் ஊருக்குத் திரும்பாமல் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தவர். எழுபத்தொன்பதாம் வருஷத்திலிருந்து நாங்கள் இருவரும் சேர்ந்து மனு எழுதினோம். நான் வாசகம் சொல்வேன், அவர் டைப் அடிப்பார். அடித்து முடித்த பிறகு பார்த்தால் என் வாசகத்தில் 'ஐயா' என்ற ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருக்கும். மீதி முழுக்க அவருடையதாக இருக்கும்.

எதற்காக மனு எழுதினோம்? இந்தச் சபையில் அதை வாய்விட்டுச் சொல்ல இதுவரை பேசிய மூன்று பேரும் தயங்கினார்கள். 'சமூகத் தீமைகளை எதிர்த்தார்' என்றார்கள். 'ஒழுக்கத்துக்காகப் பாடுபட்டார்' என்றார்கள். அவர் என்ன கொசு மருந்து அடிக்கச் சொல்லியா போராடினார்? நான் சொல்கிறேன். பெண்களை ஏமாற்றியும் மிரட்டியும் படம் பிடித்து, அந்தப் படங்களை மஞ்சள் புத்தகமாக அச்சடித்து, பஸ் ஸ்டாப்பில் தொங்கவிட்டு விற்கிற வியாபாரத்தை எதிர்த்துப் போராடினார். ஆசியாட் விளையாட்டு வந்த வருஷத்தோடு வீடியோ பெட்டியும் வந்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே படம் போடும் பார்லர்கள் வந்தன. அவற்றையும் எதிர்த்தார். இவ்வளவுதான். சொல்லிவிட்டேன், கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

முதல் சண்டை மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் நடந்தது. ஒரு பத்திரிகைக் கடைக்காரர், பெண்கள் வரிசையில் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே அந்தப் புத்தகங்களைக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்தார். எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார் அம்மையார். வேண்டாம் என்றால் பார்க்காதீர்கள் பெஹன்ஜி என்று பதில் வந்தது. அச்சா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் காய்கறிப் பையோடு அந்தக் கடை ஓரமாகப் போய் நின்றார். யாராவது புத்தகத்தின் மேல் கை வைத்தால் போதும், பக்கத்தில் போய் நல்ல ஹிந்தியில், மிக மரியாதையாக, "பையா, எதை வாங்குகிறீர்கள்? வீட்டில் எல்லோரும் படிப்பார்களா?" என்று விசாரிப்பார். வந்தவர் பஸ் வராமலேயே ஓடிப்போவார். பதினோரு நாள் அப்படி நின்றார். பன்னிரண்டாம் நாள் கடைக்காரரே எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, அந்த இடத்தில் பரீட்சை கைடுகளை மாட்டினார்.

இதைக் கேட்டு இன்றைக்கு நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு யாராவது சிரித்தீர்களா? இதே சங்கத்தின் செயற்குழுவில், குடும்பப் பெண்மணி இந்த மாதிரிப் புத்தகங்களின் பெயரை வாயால் சொல்லலாமா என்று தீர்மானம் கொண்டுவரப் பார்த்தோம். நாம் என்றே சொல்கிறேன், நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். சங்கத்தின் பெயர் கெட்டுவிடும் என்று ஒருவர் சொன்னார். இன்றைக்கு அவர் போட்ட மாலைதான் படத்துக்கு வலப்பக்கம் எல்லாவற்றையும் விடப் பெரிதாகத் தொங்குகிறது. பூ நன்றாகத்தான் இருக்கிறது.

அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. இதை மத்திய சர்க்கார்காரர்கள்தான் ரசிக்க முடியும். கேஷுவல் லீவ் விண்ணப்பத்தில் காரணம் என்று ஓர் இடம் இருக்கிறதல்லவா? நாமெல்லாம் என்ன எழுதுவோம்? 'அவசர வீட்டு வேலை'. கிரிக்கெட் பார்க்கப் போனாலும் அதுதான், மைத்துனன் கல்யாணத்துக்குப் போனாலும் அதுதான். வடிவு அம்மையார் எழுத மாட்டார். 'ஆபாசப் புத்தகக் கிடங்கைப் பற்றிப் போலீஸில் புகார் கொடுக்க' என்று எழுதுவார். அண்டர் செக்ரட்டரி அதைக் கையில் வைத்துக்கொண்டு நெளிவார். காரணத்தை மாற்றி எழுதிக் கொடுங்கள் மேடம், உடனே சாங்ஷன் செய்கிறேன் என்பார். உண்மையான காரணம் இதுதான் சார், பொய்க் காரணத்துக்கு லீவு கேட்க எனக்கு விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு அங்கேயே நிற்பார். கையெழுத்து விழும்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். இது புகழுரை இல்லை. என் குற்றத்தைச் சொல்லப் போகிறேன்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு பெண் அம்மையார் வீட்டுக் கதவைத் தட்டினார். நம் குவார்ட்டர்ஸில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண். சேலம் பக்கத்திலிருந்து வந்து, ரயில் பாதை ஓரத்து ஜுக்கிக் குடிசையில் குடியிருந்தவர். அவர் இங்கே இருக்கிறாரா என்று யாரும் கழுத்தைத் திருப்பித் தேட வேண்டாம். ஒரு ஸ்டூடியோக்காரன், சோப்பு காலண்டருக்குப் படம் எடுக்கிறேன் என்று அவரைக் கூப்பிட்டிருக்கிறான். உள்ளே போன பிறகு கதவைப் பூட்டியிருக்கிறான். அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன். நாலு மாதம் கழித்து அந்தப் படங்கள் புத்தகமாக வந்தன. நாலு வீட்டில் மூன்று வீட்டார் அவரை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

நான் ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டு அம்மாக்களுக்கு அந்தப் புத்தகம் எப்படித் தெரிந்தது? அவர்கள் பஸ் ஸ்டாப்பில் வாங்கிப் படித்தார்களா? தங்கள் வீட்டு மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்தார்கள்! வாங்கியவருக்கு அதே வீட்டில் அன்று ராத்திரி சாப்பாடு கிடைத்தது. படத்தில் இருந்தவருக்கு வேலை போயிற்று. எந்த வீடுகள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அம்மையார் அன்றைக்கே மனு அடிக்க உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். என் ஆபீஸ் அனுபவம் வாயைத் திறந்தது. "இணைப்பு இல்லாத மனுவை எவன் மதிப்பான்? ஆதாரம் வைக்கணும் மேடம்" என்றேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. விதிப்படி அமைச்சகத்துக்கு ஒன்று, போலீஸுக்கு ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று, நம் கையில் ஆபீஸ் காப்பி ஒன்று. ஆக நாலு பிரதி வேண்டும். நானே போய் அந்தப் புத்தகத்தில் நாலு பிரதி வாங்கி வந்தேன். எந்த வியாபாரத்தை ஒழிக்கப் புறப்பட்டோமோ, அந்த வியாபாரிக்கு அன்றைக்கு நான்தான் நல்ல வாடிக்கைக்காரன். பின் குத்தி, 'இணைப்பு: மேற்படி' என்று எழுதி, டைரி நம்பர் போட்டு அனுப்பினோம்.

சபையோர்களே, கோப்பு நகராது என்று சர்க்காரைத் திட்டுகிறோமே, அந்தக் கோப்பு நகர்ந்த நகர்வை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சம்பந்தமில்லாத செக்ஷன்களெல்லாம் 'பார்வைக்கு' என்று கேட்டு வாங்கின. பென்ஷன் பிரிவு கேட்டது. மேஜை நாற்காலி வாங்குகிற பிரிவுகூடக் கேட்டது. போன கோப்பு இரண்டு மாதமாகத் திரும்பவில்லை. மனு நன்றாக வேலை செய்கிறது என்று நான் மார் தட்டிக்கொண்டேன். மனுவை எவனும் படிக்கவே இல்லை.

அதே கட்டிடத்தில்தான் அந்தப் பெண்ணுக்கு ஒரு கான்டிராக்டர் மூலம் தரை கூட்டுகிற வேலையை அம்மையார் வாங்கிக் கொடுத்திருந்தார். ஒரு நாள் ஒரு பியூன் அவர் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினான். அன்று சாயங்காலம் அவர் அம்மையார் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அவர் அழவில்லை. வாசலிலேயே நின்று சொன்னார்:

"அக்கா, அவனாவது வித்தான். நீங்க சும்மாவே குடுத்துட்டீங்க."

அந்தப் பெண் போன பிறகு வடிவு அம்மையார் டைப்ரைட்டருக்கு உறையைப் போட்டு மூடினார். மறுநாள் காலையில் லீவு விண்ணப்பம் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில், 'நான் செய்த தவறைத் திரும்ப வாங்க' என்று எழுதியிருந்தார்.

கோப்பில் சேர்ந்த இணைப்பை எடுக்க விதியில் இடமில்லை என்று நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். செக்ஷன் செக்ஷனாக ஏறி இறங்கினார். அந்தக் கோப்பு யார் மேஜையில் இருக்கிறதோ அவர் எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். இன்றைக்கு ஐயா பார்த்து முடித்துவிடுவீர்களா, நான் காத்திருக்கிறேன் என்பார். அவர் உட்கார்ந்திருக்கும்போது எவன் புரட்டுவான்? பத்தொன்பது நாள் உட்கார்ந்தார். கடைசியில் ஒரு டெபுடி செக்ரட்டரி, அவருக்கு மனசாட்சி இருந்தது, இணைப்பைத் தடித்த கவரில் போட்டு அரக்கு முத்திரை வைத்து, யாரும் திறக்காதபடி கோப்பிலேயே சேர்த்தார். மாநகராட்சியில் இருந்ததைக் கண்ணெதிரே கிழிக்க வைத்தார். போலீஸில் இருந்தது வழக்குச் சொத்து, எடுக்க முடியாது. அதையும் முத்திரையிட்ட கவரில் போட வைத்து, கவரின் மேல் குறுக்கே கையெழுத்து வாங்கினார்.

பிறகு என்னிடம் வந்தார். "நம்ம ஆபீஸ் காப்பி என்னாச்சு சார்?" என்று கேட்டார்.

"அழிச்சாச்சு மேடம்" என்றேன்.

அது பொய்.

ஆமாம், அது பொய்தான். ஏன் சொன்னேன்? அந்தப் படங்களுக்காக வைத்துக்கொள்ளவில்லை. நம்பினால் நம்புங்கள், நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. ஆபீஸ் காப்பியை அழிப்பது என் கைக்கு வராது. நாளைக்கு யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது, ரிக்கார்டு இல்லை என்றால் நம் மேல் அல்லவா திரும்பும் என்ற பயம். முப்பத்தொரு வருஷம் அந்தப் பயத்தில்தான் சம்பளம் வாங்கினேன். அது என் இரும்புப் பெட்டியில், என் சர்வீஸ் புத்தகத்துக்கு அடியில் மூன்று வருஷம் கிடந்தது. அம்மையார் என் பேச்சை நம்பினார். அந்தப் பெண்ணிடம், எல்லாம் போய்விட்டது, இனி நம் கையால் ஒன்றும் வெளியே இல்லை என்று சத்தியம் செய்து கொடுத்தார். என் பொய்யை அவர் வாயால் சத்தியமாகச் சொல்ல வைத்தவன் நான்.

அதற்குப் பிறகு அவர் அனுப்பிய எந்த மனுவிலும் ஒரு படம்கூட இல்லை. பாதிக்கப்பட்ட பெண் சொல்லச் சொல்ல ஷார்ட்ஹேண்டில் எடுப்பார். எடுத்ததைத் திரும்பப் படித்துக் காட்டுவார். எந்த வரி இருக்க வேண்டும், எது வேண்டாம் என்று அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். அதுதான் இணைப்பு. இப்படிப் பதினோரு பெண்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். எல்லாப் பெண்களையும் கூட்டிப் போனது ஒரே ஸ்டூடியோவுக்குத்தான். அந்தப் பதினோரு காகிதங்களை வைத்துத்தான் போலீஸ் அந்த ஸ்டூடியோவின் பூட்டை உடைத்தது. வழக்கும் போட்டது. யாரும் 'பார்வைக்கு' என்று கேட்காத கோப்பு அது. ஆனால் அதுதான் கோர்ட் வரை போய்ச் சேர்ந்தது.

இப்போது வழக்கு எந்த நிலையில் இருக்கிறது? இரண்டு வருஷமாக வாய்தா மேல் வாய்தா. பதினோரு பேரில் ஏழு பேர் பின்வாங்கிவிட்டார்கள். ஊருக்குப் போனவர்கள் உண்டு, மிரட்டலுக்குப் பயந்தவர்களும் உண்டு. அவர்களை ஒரு வார்த்தை குறை சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. முதல் சாட்சி, நான் சொன்ன அந்தப் பெண். வருகிற வியாழக்கிழமை அவர் கூண்டில் ஏற வேண்டும். அவர் ஏறாவிட்டால் மிச்சம் இருக்கிற மூன்று பேரும் ஏற மாட்டார்கள், வழக்கு அத்தோடு முடிந்தது. ஸ்டூடியோக்காரன் மறுநாளே போர்டு மாட்டுவான். போன மாதம் இருபதாம் தேதி, அந்த வியாழக்கிழமைக்கு வேண்டிய காகிதங்களைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோதுதான் வடிவு அம்மையார் மயங்கி விழுந்தார். திரும்ப எழுந்திருக்கவில்லை. அம்மா போய்விட்டது, இனி அந்தப் பொண்ணு வராது என்று எதிர்த் தரப்பில் ஜிலேபி கொடுத்தார்களாம்.

கொடுக்கட்டும். நானும் அந்தப் பெண் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். அம்மையாரின் காரியம் முடிந்து இரண்டு நாள் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. இன்று காலை பெட்டியைத் திறந்து அந்த நான்காவது பிரதியை எடுத்தேன். பழுப்புக் கவரில் போட்டு ஒட்டி, ஜுக்கிக்குப் போனேன். அவர் அங்கீட்டி அடுப்பில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். கவரில் என்ன இருக்கிறது என்று சொன்னேன். மூன்று வருஷமாக என்னிடம்தான் இருந்தது என்றும், அக்காவுக்கு இது தெரியாது என்றும் சொன்னேன். காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன். துப்பியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் கவரைப் பிரிக்கவில்லை. அப்படியே அடுப்பில் வைத்தார். அது எரிந்து முடிகிறவரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு, வேறே எங்கேயாவது இருக்கிறதா என்று கேட்டார். போலீஸிலிருந்து கோர்ட்டுக்குப் போனது முத்திரை போட்ட கவரில் இருக்கிறது, அமைச்சகத்தில் இருப்பதும் அப்படித்தான், என்னிடம் இனி ஒன்றும் இல்லை என்றேன். அக்காவுக்குத் தெரியாமலே போச்சா என்று கேட்டுவிட்டு, அப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

புறப்படும்போது, பயப்படாதே அம்மா, சாயங்காலம் கூட்டத்தில் உன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்றேன். பெரிய தயவு செய்கிறவன் மாதிரி சொன்னேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பேரைச் சொல்லுங்க சார். அந்தப் பொஸ்தகத்துலதான் பேரில்லாம கெடந்தேன். கூட்டத்துக்கு நான் வரல, வேலை இருக்கு. வியாழக்கெழம வரேன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை வருகிறார். ஜிலேபி தின்றவர்களுக்கு யாராவது போய்ச் சொல்லுங்கள்.

நண்பர்களே, அம்மையார் பெயரில் ஒரு சுழற்கோப்பை வைக்கலாம் என்று முதலில் பேசியவர் யோசனை சொன்னார். கோப்பையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு மார்க்கெட் பஸ் ஸ்டாப்பில் நான் நிற்பேன். அம்மையார் காய்கறிப் பையோடு நின்ற அதே இடத்தில் நிற்பேன். அந்தப் பெண் கூண்டில் ஏறும்போது, எதிர்த் தரப்பு வக்கீல் குரலை உயர்த்தும்போது, அவர் திரும்பிப் பார்த்தால் பின்பெஞ்சு நிறைய நம் முகங்கள் தெரிய வேண்டும். மெத்தைக்கு அடியில் புத்தகம் வைத்திருந்தவர்களும் வரலாம். முதலில் அதை எரித்துவிட்டு வாருங்கள்.

நாளைக்கு ஆபீஸ் போனதும் லீவு விண்ணப்பம் எழுதுங்கள். காரணம் என்ற இடத்தில் 'அவசர வீட்டு வேலை' என்று எழுதாதீர்கள். வடிவு அம்மையாருக்கு நீங்கள் செய்ய வேண்டியது அவ்வளவுதான். அந்த இடத்தில் உண்மையான காரணத்தை, அந்தப் பெண்ணின் பெயரோடு எழுதுங்கள். அண்டர் செக்ரட்டரி நெளிந்தால் நெளியட்டும். இது யார் என்று கேட்டால், எங்கள் சாட்சி என்று சொல்லுங்கள்.

பவுனு என்று எழுதுங்கள்.